70-200 எப் 2.8 வாங்குறவங்க அனுப்புன கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்வில பாதிக்கு மேல 70-200 எப் 2.8 பத்தித்தான், அதாவது 70 எம்எம்ல இருந்து 200 எம்எம் வரைக்கும் தூரத்த இழுத்துக் காட்டுற, வெளிச்சத்த தாராளமா உள்ள விடுற ஜூம் லென்ஸ். கல்யாணம், சடங்கு, கோயில் தேர்னு வேலை கூடுற நேரம், எல்லாரும் வாங்கப் பார்க்கிறீங்க, நல்லது. ஒண்ணே ஒண்ணு முன்னுக்கே சொல்லிடுறேன்: லென்ஸ டெஸ்ட் பண்ணும்போது முன்னால மாட்டியிருக்க பில்டர கழட்டுங்க. எத்தனை தடவ எழுதியும் கழட்டாமத்தான் படம் அனுப்புறீங்க.

ஹட்டன்ல இருந்து: பழைய 70-200 ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன் அண்ணே. கடைக்காரர் பத்து நிமிஷந்தான் தருவேன்னு சொல்றார். என்னத்த பார்க்கிறது?

ஒழுங்கா பார்த்தா பத்து நிமிஷம் போதும். மொத மவுண்ட்ல, அதான் கெமராவுல மாட்டுற வளையத்துல இருக்க ஸ்க்ரூவ பாருங்க, தலை தேஞ்சு சிதைஞ்சிருந்தா யாரோ கழட்டிப் பூட்டியிருக்காங்க, ஏன்னு கேளுங்க, பதில் தடுமாறுனா வச்சிட்டு வந்துடுங்க. அடுத்தது போன் டோர்ச்ச பின்பக்கத்துல இருந்து அடிச்சு முன்பக்கமா சாய்ச்சு சாய்ச்சு பாருங்க, நாலஞ்சு தூசி இருந்தா ஒண்ணும் ஆகாது, கிளை கிளையா படர்ந்திருந்தா பங்கஸ், மொத்தமா வெளிறி மங்கியிருந்தா ஹேஸ், ரெண்டுமே வேணாம். பிறகு உங்க கெமராவுல மாட்டி 70லயும் 200லயும் எப் 2.8ல, கிட்ட ஒண்ணு தூர ஒண்ணுன்னு எழுத்து இருக்க பெட்டி ஏதாவது பார்த்து எடுங்க. கை நடுக்கத்த சமாளிக்கிற ஸ்டெபிலைசர போட்டு 200ல ஷட்டர் 1/30 வச்சு நாலு படம், பாதியாவது தெளிவா வரணும். எல்லாத்தையும் உங்க கார்டுலயே எடுங்க. கெமராவுக்குப் பின்னால இருக்க குட்டி ஸ்க்ரீன பார்த்து காசு குடுக்காதீங்க, வீட்டுல பெரிய ஸ்க்ரீன்ல பார்த்துட்டு மறுநாள் போய் வாங்குங்க. இல்லாட்டி மூணு நாளைக்குள்ள திருப்பி எடுப்பேன்னு பில்லுலயே எழுதி வாங்குங்க.

தலவாக்கலை: கல்யாண வேலைக்கு 70-200 எப் 4 லென்ஸ் பத்தாதா? விலையும் குறைவு, பாரமும் குறைவு.

வெளிய எடுக்கிறதுக்கு தாராளமா பத்தும். ஹோல் உள்ளுக்கு, கோயில் உள்ளுக்குன்னா பத்தாது, எப் 2.8ல உள்ள வர்ற வெளிச்சத்துல பாதிதான் எப் 4ல வரும், ஐஎஸ்ஓ, அதான் கெமரா வெளிச்சத்த கூட்டிக் காட்டுற அளவு, 3200ல முடியுற படத்த 6400ல எடுக்க வேண்டி வரும். ஆனா 2.8 வாங்கிட்டா எல்லாத்தையும் 2.8லயே எடுக்கணும்னு சட்டமில்ல. 200ல மூணு மீட்டர் தூரத்துல போகஸ்ல நிக்கிறது ஒரு 4 சென்டிமீட்டர்தான், மாப்பிள்ளை கண்ணுல போகஸ் வச்சா பொண்ணு முகம் போயிரும். ஜோடியா நிக்கும்போது 5.6க்கு போங்க. இன்னொண்ணு, நம்ம நாட்டு கரண்ட் 50 ஹேர்ட்ஸ், ஹோல் லைட்ல ஷட்டர் 1/100க்கு மேல போனா சில படத்துல பட்டை பட்டையா விழும். 200ல 1/100 வச்சா ஆள் அசையுறது தெரியும். அதனால கெமராவுல இருக்க அன்டி-ப்ளிக்கர ஒன் பண்ணிட்டு 1/250ல எடுங்க.

மஸ்கெலியா: சிவனொளிபாதமலைக்கு தூக்கிட்டுப் போகலாமா?

போகலாம், பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸ்னா ஒன்றரை கிலோ. புது மிரர்லெஸ் லென்ஸ்ல சொனியோட ரெண்டாவது ஜிஎம் 70-200ம் கெனன் ஆர்எப் 70-200ம் ஒரு கிலோவுக்கு கொஞ்சம் மேல, டெம்ரோன் 70-180 ஒரு 800 கிராம் சொச்சம், ஆனா 2020ல வந்ததுல ஸ்டெபிலைசர் இல்ல, 2023ல வந்ததுலதான் இருக்கு. விடியக்காலையில மேற்குப் பக்கம் விழுற முக்கோண நிழல எடுக்கத்தான் போறீங்கன்னா 70-200 எதுக்கு, 24 எம்எம் எடுத்துட்டுப் போங்க.

அப்புத்தளை: லிப்டன் சீட்ல இருந்து எடுத்த படம் அனுப்பியிருக்கேன். இவ்ளோ காசு போட்டு வாங்குன லென்ஸ், தூரத்து மலையெல்லாம் வெளுத்துப்போய் ஷார்ப்பே இல்ல. திருப்பிக் குடுத்துடவா?

குடுக்காதீங்க தம்பி. உங்க லென்ஸ்ல ஒரு குறையும் எனக்குத் தெரியல. இந்த கேள்வி பண்டாரவளை, எல்ல, நானுஓயான்னு ஊர் மாத்தி மாத்தி வந்துகிட்டே இருக்கு, இத வச்சு நல்ல நல்ல லென்ஸ்கள பாதி விலைக்கு வித்தவங்கள எனக்குத் தெரியும், அதனாலதான் கோவம் வருது. நீங்க எடுத்தது லென்ஸோட படம் இல்ல, நடுவுல இருக்க காத்தோட படம். நாலஞ்சு கிலோமீட்டர் ஈரக்காத்த தாண்டித்தான் அந்த மலை உங்க கெமராவுக்கு வருது, ஒவ்வொரு துளியும் வெளிச்சத்த சிதறடிக்குது, கறுப்பெல்லாம் சாம்பலாகுது. 200 எம்எம் அந்த காத்தையும் சேர்த்துத்தான் இழுத்துக் காட்டும். யூவி பில்டர் போட்டாலும் சிபிஎல்ங்கிற பொலரைசர் பில்டர் போட்டாலும் பனிமூட்டத்த வெட்டாது, துளி பெருசுங்கிறதால அதுல சிதறுற வெளிச்சம் சிபிஎல்லுக்கு அடங்காது. வெயில் ஏறி ஒம்பது பத்து மணியானதும் லயத்து தகரம், தார் ரோடு, தேயிலை எல்லாம் சூடாகி காத்து நெளிய ஆரம்பிக்கும், அப்ப எந்த கம்பெனி லென்ஸும் தூரத்துல ஷார்ப்பா தராது. உங்க படத்துல டேட்டாவ பார்த்தேன், காலை பத்தே முக்கால், 200 எம்எம், ஷட்டர் 1/125, ட்ரைபோட் இல்ல, பில்டர் கழட்டல. இதுல எத லென்ஸ் தலையில போடுவீங்க?

சரியான டெஸ்ட் பத்து பதினஞ்சு மீட்டர் தூரத்துல செய்யுறது. மேகம் மூடுன நாளா பாருங்க, வெளிச்சம் சமமா இருக்கும். கோயில் மதிலோ பெக்டரி சுவரோ ஏதாவது ஒரு நேர் சுவர்ல நடுவுல ஒண்ணு, 4 மூலைக்கு நாலுன்னு வீரகேசரி பேப்பர ஒட்டுங்க. ட்ரைபோட், ரெண்டு செக்கன் டைமர், ஸ்டெபிலைசர் ஓப், பில்டர் கழட்டியாச்சான்னு இன்னொரு தடவ பாருங்க. 70, 135, 200 மூணுலயும் 2.8, 4, 5.6ன்னு எடுங்க, ஒவ்வொரு தடவையும் போகஸ கலைச்சுட்டு புதுசா வைங்க, மூணு மூணு எடுத்து அதுல நல்லத மட்டும் வச்சுக்கங்க. 2.8ல மூலை கொஞ்சம் இளகலா இருக்கிறது இயல்பு, நாலு மூலையும் ஒரே அளவா இளகியிருக்கணும், அவ்வளவுதான். மூணுல எழுத்து வாசிக்க முடிஞ்சு ஒண்ணுல மட்டும் முடியலன்னா, கெமராவ தலைகீழா கவுத்து மாட்டி திரும்ப எடுங்க. மங்கல் அதே பேப்பர்லயே நின்னா நீங்க சுவருக்கு நேரா நிக்கல, எதிர்மூலை பேப்பருக்கு மாறிடுச்சுன்னா லென்ஸ் உள்ளுக்கு கண்ணாடி சாஞ்சிருக்கு. அப்ப திருப்பிக் குடுங்க, நானே கூட வந்து பேசுறேன்.

மலைய எடுக்கணும்னு ஆசைன்னா மழை விட்ட மறுநாள் விடியக்காலை போங்க. ஜூலை ஆகஸ்ட்ல ஹட்டன் பக்கம் மழையா இருக்கும்போது ஊவா பக்கம் காஞ்ச காத்து அடிக்கும், தூரம் தெளிவா தெரியும், ஆனா அந்த காத்துக்கு ட்ரைபோடே ஆடும், ஷட்டர் 1/1000க்கு குறையாம வைங்க.

நுவரெலியா: விக்டோரியா பார்க்ல ஆறுமணிக்குருவி எடுக்க, லென்ஸுக்கும் கெமராவுக்கும் நடுவுல மாட்டி தூரத்த ரெண்டு மடங்கு இழுக்கிற 2எக்ஸ் கன்வெர்ட்டர் வாங்கலாமா?

1.4 வாங்குங்க. 2எக்ஸ் போட்டா 400 வரும் சரி, ஆனா எப் 5.6 ஆகிரும், அந்தக் குருவி மரத்தடி இருட்டுல தரையிலதான் இரை பொறுக்கும், வெளிச்சம் பத்தாது, லென்ஸோட ஷார்ப்பும் நல்லாவே இறங்கும். 1.4ல 280, எப் 4. வாங்குறதுக்கு முந்தி உங்க லென்ஸ் கன்வெர்ட்டர் எடுக்குமான்னு பாருங்க, கெனன் ஆர்எப் 70-200 மொத வெர்ஷன் எடுக்காது.

கண்டி: என்கிட்ட இருக்கிறது நிக்கோன் 70-200 விஆர் 2. நானும் கூட்டாளியும் 200லதான் வச்சோம், கிட்டத்துல எடுத்தா அவர் படத்த விட என் படத்துல முகம் சின்னதா விழுது. லென்ஸ் பழுதா?

பழுது இல்ல. நீங்க சொன்ன நிக்கோன் விஆர் 2, 2009ல வந்தது, அதுல கிட்டத்துல போகஸ் பண்ணும்போது 200ங்கிறது கிட்டத்தட்ட 135க்கு சுருங்கிரும், அது டிசைன். தூரத்துல சரியா 200தான். முகம் மட்டும் எடுக்கிற வேலை அதிகம்னா 2016ல வந்த நிக்கோன் 70-200 எப்எல் நல்லது, அதுல இந்த சுருக்கம் ரொம்பக் குறைவு.

மாத்தளை: முத்துமாரியம்மன் தேருக்கு 70-200 மட்டும் போதுமா?

போதாது. அஞ்சு தேர், அவ்ளோ சனம், ஆளு நெருக்கத்துல 70ஏ இறுக்கமா இருக்கும். வடம் இழுக்கிறவங்க முகத்துக்கு இது, தேருக்கு 24-70.

பதுளை: வாங்கி ஒரு வருஷந்தான், உள்ளுக்கு பங்கஸ் வந்துருச்சு அண்ணே.

அலுமாரிக்குள்ள தோல் பேக்ல பூட்டி வச்சிருந்தேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, பிறகு வராம என்ன செய்யும் தங்கச்சி? ஓரத்துல கொஞ்சமா இருந்தா இப்பவே கிளீன் பண்ணக் குடுங்க, விட்டா கோட்டிங்க அரிச்சிரும், அப்புறம் துடைச்சாலும் தழும்பு போகாது. இனிமே காத்துப்போகாத பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், உள்ளுக்கு ஒரு ஈரப்பத மீட்டர். 40ல இருந்து 50க்குள்ள நிக்கட்டும். வாரம் ஒருக்கா வெளிய எடுத்து பாவிங்க.

லிந்துலை: காலையில பனியில நின்னுட்டு தேயிலை பெக்டரிக்குள்ள போனா லென்ஸ் மொத்தமா வேர்க்குது.

ட்ரையர் இருக்க எடம் சூடு, ரோலிங் ரூம் ஈரம், குளிர்ந்த கண்ணாடி வேர்க்கத்தான் செய்யும். வெளியவே பேக்குக்குள்ள வச்சு சிப்ப மூடிட்டு உள்ள கொண்டு போங்க, அரை மணித்தியாலம் திறக்காதீங்க. வேர்த்துருச்சுன்னா துடைக்க வேணாம், ஜூம இழுத்து இழுத்து ஈரத்த உள்ளுக்கு எடுக்கவும் வேணாம், அதுவா காயட்டும். பில்டர் இருந்தா கழட்டுங்க, ஈரம் நடுவுல மாட்டிக்கும்.

ஊர் போடாம ஒருத்தர்: நல்ல டெலி லென்ஸ் ஒண்ணு சொல்லுங்க.

என்ன கெமரா, என்ன எடுக்கிறீங்க, எவ்வளவு காசு இருக்கு. மூணையும் எழுதி திரும்ப அனுப்புங்க, அடுத்த முறை பதில் போடுறேன்.