கேள்வி பதில்: எண்டோமெட்ரியோசிஸ், ஹார்மோன், எபிஜெனிடிக்ஸ்

கருப்பை உள்வரி போன்ற திசு கருப்பைக்கு வெளியே ஒட்டி வளரும் நோய்தான் எண்டோமெட்ரியோசிஸ். ஆய்வகத்தில் கருப்பை உள்வரிச் செல்களை வளர்த்தவள் நான். மருந்துச் சீட்டு எழுதுபவள் இல்லை. அதை நினைவில் வைத்துக் கேளுங்கள். ஹார்மோனைச் சமப்படுத்தும் பொடி என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

மதுரை வாசகி: ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் நார்மல் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. அப்புறம் எப்படி எண்டோமெட்ரியோசிஸ் ஈஸ்ட்ரோஜன் நோய்?

நல்ல கேள்வி. ரத்தத்தில் தேடினால் அகப்படாது. உள்வரி போன்ற திசு சினைப்பையிலோ குடல்மேலோ ஒட்டியதும் அங்கேயே தனி அடுப்பு மூட்டிக்கொள்கிறது. ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்கும் அரோமட்டேஸ் நொதி, நலமான உள்வரியில் அனேகமாக இல்லை. ஒட்டிய திசுவில் இருக்கிறது. அங்கே உருவாகும் ஈஸ்ட்ரோஜன் அழற்சியைக் கிளப்பும். அழற்சியில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஈ2 மறுபடி அரோமட்டேஸைத் தூண்டும். சக்கரம் நிற்பதில்லை.

எபிஜெனிடிக்ஸ் இங்கேதான் வருகிறது. டிஎன்ஏவின் எழுத்து அப்படியே இருக்க, அதன்மேல் ஒட்டி மரபணுக்களைப் பூட்டி வைக்கும் மீத்தைல் குறிகள் மட்டும் மாறுகின்றன. அரோமட்டேஸை முடுக்கும் எஸ்எஃப்-1 மரபணுவின் வாசலில் இருக்க வேண்டிய மீத்தைல் பூட்டு, ஒட்டிய திசுவில் திறந்து கிடக்கிறது. ஏற்பி என்பது ஹார்மோனின் பேச்சைக் கேட்கும் செல்லின் காது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பீட்டாவிலும் அதே கதை. புரோஜெஸ்டிரோன் ஏற்பி-பி தலைகீழ்: அங்கே பூட்டு விழுந்திருக்கிறது. புரோஜெஸ்டிரோன் ‘போதும், அடங்கு’ என்றாலும் அந்தத் திசுவுக்குக் காது கேட்பதில்லை.

சேலம்: டையனோஜெஸ்ட் சாப்பிட்டும் எனக்கு வலி குறையவில்லையே?

டையனோஜெஸ்ட் புரோஜெஸ்டிரோன் போல வேலை செய்யும் மாத்திரை. மேலே சொன்ன காது கேளாமை ஒரு காரணமாக இருக்கலாம். மாற்று மருந்துகள் உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

தஞ்சாவூர்: குழந்தை பிறந்தால் சரியாகிவிடுமா?

இல்லை. கர்ப்பத்தின்போது சிலருக்கு வலி தணியும், பிறகு திரும்பலாம்.

ஈரோடு: கல்யாணம் செய்தால் சரியாகும் என்கிறார்களே?

தஞ்சாவூருக்குச் சொன்னதேதான்.

நெல்லை: எங்கள் அத்தையும் அதையேதான் சொல்கிறார்…

அத்தைக்கு வணக்கம். இல்லை.

கோவைத் தம்பி: மேடம், மீத்தைல் குறி மாறக்கூடியது என்றால், மனதை அமைதியாக்கியே மாற்றிவிடலாமே?

தம்பி, மாறும் என்பதும் நாம் நினைத்தபடி மாற்றலாம் என்பதும் ஒன்றல்ல. வலியோடு வாழ்பவருக்கு தியானம் ஆறுதல் தரலாம், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏற்பி-பி மேல் விழுந்த பூட்டை அது திறந்ததாக எந்தச் சான்றும் இல்லை.

கோவைத் தம்பி: அப்படியானால் அந்தக் குறிகள்தான் நோய்க்குக் காரணம் என்பதற்கு மட்டும் சான்று இருக்கிறதா?

மடக்கிவிட்டீர்கள், ஒப்புக்கொள்கிறேன். பபூன் குரங்குகளின் வயிற்றுக்குள் மாதவிடாய்த் திசுவை வைத்து நோயை உண்டாக்கினார்கள். பிறகு கருப்பைக்குள்ளேயே இருந்த உள்வரியில் ஹாக்ஸ்-ஏ10 மரபணு, மீத்தைல் குறிகள் கூடி, மங்கிப்போனது. கரு பதிய அது முக்கியமான மரபணு. ஆக, சில குறிகள் நோய்க்கு முன்னால் வந்தவை அல்ல, நோய் இட்டவை. எது முந்தியது என்பது எல்லாக் குறிக்கும் தீர்ந்த வழக்கல்ல.

திருச்சி: மாதவிடாய் ரத்தம் பின்னோக்கி வயிற்றுக்குள் போவதுதானே காரணம்?

1920களில் அமெரிக்க மருத்துவர் சாம்ப்சன் சொன்னது. ஆனால் பெரும்பாலான பெண்களுக்கு அப்படிப் போகிறது, நோய் வருவதோ பத்தில் ஒருவருக்கு. மீதிக் கதை மரபணுவிலும் நான் மேலே சொன்ன குறிகளிலும் இருக்கிறது. இரட்டையர் ஆய்வுகள் மரபின் பங்கைச் சுமார் பாதி என்கின்றன.

நாகர்கோவில்: ஒரு பொடி வாங்கிவிட்டேன், என்ன செய்ய?

டப்பாவை டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை திறக்காதீர்கள்.