வாங்கும் முன்: மூலிகைத் தைலம், கருப்பு மருதாணி, ஏற்காட்டுச் சந்தனம்

இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் ‘இயற்கை’ எண்ணெய், சோப்பு, பொடி பற்றித்தான். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன். கடை, கம்பெனிப் பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: 32 மூலிகைகள் சேர்த்த கூந்தல் தைலம் என்று 200 மில்லி 480 ரூபாய்க்கு வாங்கினேன். தேங்காய் எண்ணெய் வாசமே இல்லை. கையில் ஊற்றினால் தண்ணியாக ஓடுகிறது. இது நல்ல எண்ணெய்தானா?
— இல்லத்தரசி, அம்மாப்பேட்டை

பதில்: பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள் அம்மா. முன்பக்கம் கரிசலாங்கண்ணியும் செம்பருத்தியும் படமாக இருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில் ‘லைட் லிக்விட் பாரஃபின்’ அல்லது ‘மினரல் ஆயில்’ என்று முதலில் போட்டிருக்கிறதா? அப்படியென்றால் ஓடுவது அதுதான். பெட்ரோலியத்தைச் சுத்திகரித்து எடுக்கும் எண்ணெய். தலைக்கு ஆபத்து என்று பயப்பட வேண்டாம், குழந்தைகளுக்கு விற்கும் பல எண்ணெய்களிலும் அது உண்டு. ஆனால் மூலிகைத் தைலத்தின் விலையைக் கொடுத்து அதை ஏன் வாங்க வேண்டும்?

இதை முன்பும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன். 2020-ம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகள்படி, உள்ளே சேர்ந்திருப்பதை அதிக அளவில் இருப்பதில் தொடங்கி வரிசையாக அச்சிட வேண்டும். ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை மட்டும் கடைசியில் எந்த வரிசையிலும் போட்டுக்கொள்ளலாம். ஆக, பட்டியலின் முதல் மூன்று பெயர்களுக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். 32 மூலிகையும் கடைசியில் மொத்தமாக நின்றால், பெயருக்குச் சேர்த்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 மில்லிக்குக் குறைந்த திரவத்துக்கும் 30 கிராமுக்குக் குறைந்த க்ரீம், பொடிக்கும் இந்தப் பட்டியல் கட்டாயமில்லை. அதனால்தான் பட்டியல் இல்லாத குட்டிப் பாட்டிலை நான் தொடுவதில்லை. ஆயுர்வேத, சித்த மருந்து உரிமத்தில் வரும் தைலத்தில் 10 மில்லிக்கு எந்த மூலிகை எவ்வளவு என்ற கணக்கு இருக்கும். அதில் கடைசி வரியைப் பாருங்கள். மீதியை எந்த எண்ணெய் ஊற்றி நிரப்பினார்கள் என்பது அங்கேதான் வரும்.

எழுத்தைப் படிக்கவே முடியவில்லை என்பீர்கள். எனக்குத் தீராத கோபமே அதில்தான். வாங்குகிறவர் படித்தே ஆக வேண்டிய பக்கத்தை, மின்னும் காகிதத்தில் வெளிறிய மையில் அச்சடிக்கிறார்கள். கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். கடையிலேயே, காசு கொடுப்பதற்கு முன்னால். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வீட்டில் காய்ச்ச நினைத்தால் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் அரை லிட்டர், ஒரு கட்டு கரிசலாங்கண்ணி, ஒரு கைப்பிடி கறிவேப்பிலை போதும். அரைத்த விழுதை எண்ணெயில் போட்டுச் சிறு தீயில் வையுங்கள். முதலில் சடசடவென்று பொரியும். சத்தம் அடங்கி, அடியில் உள்ள சக்கை விரலில் எடுத்தால் ஒட்டாமல் உதிர வேண்டும், அதுதான் மணல் பதம். ஈரம் இருக்கும்போதே இறக்கினால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். முடி கொட்டுவது நின்றுவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். இரத்தசோகையோ தைராய்டு கோளாறோ இருந்தால் எந்தத் தைலமும் உதவாது. முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: கெமிக்கலே சேர்க்காத சோப்பு எது?
— வாசகர், ஓமலூர்

பதில்: அப்படி ஒன்று கிடையாது. எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்தால்தான் சோப்பு. உறையில் ‘டி.எஃப்.எம்.’ (சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்பு) என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 76 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் முதல் தரம். ‘பேதிங் பார்’ என்று போட்டிருந்தால் குளியல் சோப்புத் தர வரிசையிலேயே அது வராது.

கேள்வி: குடும்பத்தோடு ஏற்காடு போனபோது ஏரிப் பக்கம் ஒரு கடையில் ‘சுத்தமான லாவெண்டர் ஆயில்’ 80 ரூபாய்க்கும், சந்தனப்பொடி 100 கிராம் 120 ரூபாய்க்கும் வாங்கினோம். பில் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆயிலை அப்படியே பூசியதில் மகளுக்குக் கழுத்தில் தடிப்பு. வழக்குப் போடலாமா?
— தனியார் ஊழியர், சூரமங்கலம்

பதில்: முதலில் குழந்தையைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

வழக்கு யார் மேல் போடுவீர்கள் சார்? பில் இல்லை, லேபிளில் முகவரி இல்லை, கடையின் பெயர்கூட உங்கள் கடிதத்தில் இல்லை. பில் தர மறுப்பது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை என்றே இருக்கிறது. கேட்டிருந்தால் அந்தச் சட்டம் உங்கள் பக்கம் நின்றிருக்கும். கேட்கவே இல்லையே!

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் சந்தன மரம் உண்டு என்பது ஊரறிந்த விஷயம். அந்தப் பெயரை வைத்துத்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. கிலோ பல ஆயிரம் ரூபாய்க்குப் போகும் சந்தன மரத்தின் வைரப்பகுதியை, அதாவது நடுக்கட்டையை அரைத்து 100 கிராம் 120 ரூபாய்க்கு யாரால் தர முடியும்? வேறு மரத்தூளில் வாசனை தெளித்தது அது. மலையில் விளைவது காபியும் மிளகும் ஆரஞ்சும். லாவெண்டர் தோட்டம் எதையும் நான் அங்கே பார்த்ததில்லை.

நானும் அந்த மலையில் ஒரு யூகலிப்டஸ் தைலம் வாங்கி ஏமாந்தவன்தான். திறந்ததும் மூக்கைத் துளைத்தது. வீட்டுக்கு வந்து வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு வைத்தேன். நல்ல தைலம் என்றால் ஆவியாகித் தாள் காய்ந்துவிட வேண்டும். மறுநாள் காலையிலும் எண்ணெய்க் கறை தாளின் மறுபக்கம் வரை இறங்கி நின்றது. ஏதோ மலிவு எண்ணெயில் வாசனை கலந்திருக்கிறார்கள். நீங்களும் இதைச் செய்து பாருங்கள். நல்ல தைலமாகவே இருந்தாலும் நேராகத் தோலில் பூசக் கூடாது, ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயில் இரண்டு சொட்டு என்ற அளவுதான். யூகலிப்டஸ் தைலத்தைச் சிறு பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். கொஞ்சம் விழுங்கினாலும் வலிப்பு வரக்கூடும்.

கேள்வி: ‘முழுக்க முழுக்க இயற்கை மருதாணி, பத்தே நிமிடத்தில் கருப்பு’ என்ற பாக்கெட்டை வாங்கி அம்மாவுக்குப் போட்டுவிட்டேன். மறுநாள் கண் திறக்க முடியாமல் முகம் வீங்கிவிட்டது. மருத்துவமனைச் செலவு 14,000 ரூபாய். ‘உங்கம்மா உடம்புக்கு ஒத்துக்கல, நான் என்ன பண்றது’ என்கிறார் கடைக்காரர். என் அவசரத்தால்தான் வந்ததா?
— மகள், ஆத்தூர்

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை தங்கச்சி. இயற்கை என்று எழுதியிருந்ததை நம்பி அம்மாவுக்குப் போட்டீர்கள். எழுதியவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

மருதாணி இலை தரும் நிறம் செம்பட்டை. அது கருப்பாக வேண்டுமென்றால் மருதாணியைக் கழுவிவிட்டு அவுரி இலைத்தூளை மறுபடி போட்டு ஊறவிட வேண்டும், மணிக்கணக்கில் ஆகும். பத்து நிமிடத்தில் கருப்பு என்றால் அநேகமாகப் பாரா-பீனைலீன்டையமின் என்ற சாயம்தான். பி.பி.டி. என்றும் எழுதுவார்கள். சிலருக்கு அது கடுமையான ஒவ்வாமை. ஒருமுறை வந்துவிட்டால் ஆயுளுக்கும் போகாது. அதனால் அம்மாவுக்கு இனி எந்தக் கம்பெனியின் கருப்புச் சாயமும் வேண்டாம். மருத்துவச் சீட்டிலும் இதை எழுதி வாங்கி வையுங்கள்.

இந்தச் சாயம் சேர்ந்த பாக்கெட்டில், தோல் எரிச்சல் வரலாம், முதலில் சிறிது பூசிச் சோதித்துப் பார்க்கவும், புருவத்திலும் இமையிலும் போட்டால் பார்வை போகக்கூடும் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் இருந்தாக வேண்டும். காதுக்குப் பின்னால் பூசி 24 மணி நேரம் பார்க்கும் சோதனை அது. உங்கள் பாக்கெட்டில் அந்த வரி இல்லையென்றால் வழக்குக்குப் பாதி வேலை முடிந்தது. மீதிப் பொடியோடு பாக்கெட்டை அப்படியே பத்திரப்படுத்துங்கள். வீங்கிய முகத்தின் படம், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில், கடை பில் எல்லாவற்றுக்கும் நகல் எடுங்கள். தயாரிப்பாளர், கடைக்காரர் இருவருக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுங்கள். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான ‘இ-ஜாக்ரிதி’ இணையதளத்திலும் போடலாம். செலவான பணத்தோடு அம்மா பட்ட வேதனைக்கும் சேர்த்துக் கேளுங்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் ஒரு நகல் போகட்டும், இல்லையென்றால் அதே பாக்கெட் இன்னொரு வீட்டுக்குப் போகும்.

கேள்வி: விடுதியில் தங்கிப் படிக்கிறேன். தலைக்கும் முகத்துக்கும் மாதம் 200 ரூபாய்க்கு மேல் செலவு செய்ய முடியாது. போர் தண்ணீரில் ஷாம்பு சரியாக நுரைக்கவும் இல்லை. என்ன வாங்கலாம்?
— கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி

பதில்: 200 ரூபாயில் மிச்சமே பிடிக்கலாம் பாப்பா. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பழைய நாட்டு மருந்துக் கடை ஒன்றில் அரப்புத்தூள் கேளுங்கள். உசிலை மரத்து இலையைக் காயவைத்து இடித்தது. நம் பக்கத்தில் எண்ணெய்க் குளியலுக்குப் பாட்டி காலத்திலிருந்து இதுதான். கஞ்சித் தண்ணீரிலோ வெறும் தண்ணீரிலோ கரைத்துத் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு போய்விடும். சோப்பு உப்புத் தண்ணீரில் திரிந்துபோகும், அரப்புக்கும் சீயக்காய்க்கும் அந்தப் பிரச்சினை கிடையாது. கண்ணில் பட்டால் எரியும், கண்ணை மூடிக்கொண்டு அலசுங்கள்.

சீயக்காயைத் தூளாக வாங்காமல் காயாக வாங்கி, வெந்தயமும் பச்சைப்பயறும் சேர்த்து மில்லில் அரைத்துக்கொள்வது நல்லது. பாக்கெட் தூள் ஷாம்பு அளவுக்குப் பொங்கி நுரைத்தால் சலவைச் சோப்பில் போடும் சமாச்சாரம் சேர்ந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். முகத்துக்கு நைஸாக அரைத்துச் சலித்த பயத்தமாவு போதும், கால் கிலோ பயறு 40 ரூபாய்க்குள் முடியும். கஸ்தூரி மஞ்சள் சேர்க்க ஆசை என்றால் கிழங்காக வாங்கி உடைத்துப் பாருங்கள். உள்ளே வெளிறி, கற்பூர வாசம் வர வேண்டும். சமையல் மஞ்சள் நிறத்தில் இருந்தால் அது கஸ்தூரி மஞ்சள் இல்லை. எல்லாப் பொடியையும் உலர்ந்த டப்பாவில் வையுங்கள். ஈரக்கையைப் போட்டால் பூஞ்சை பிடிக்கும்.

கேள்வி: பிரிசர்வேட்டிவ் சேர்க்காத கற்றாழை ஜெல்லைத் தெரிந்தவர் வீட்டிலேயே செய்து தருகிறார். ஆறு மாதம் வரும் என்கிறார். நம்பலாமா?
— வாசகி, ஏற்காடு

பதில்: வேண்டாம். தண்ணீர்ச் சத்துள்ள எதுவும் பிரிசர்வேட்டிவ் இல்லாமல் ஆறு மாதம் நிற்காது. ஒன்று அவர் சேர்க்கிறார், இல்லையென்றால் உள்ளே கிருமி வளர்கிறது. தொட்டியில் ஒரு கற்றாழை வையுங்கள். மடலை வெட்டி, மஞ்சள் பால் வடியும் வரை சாய்த்து வைத்துவிட்டு அப்புறம் பயன்படுத்துங்கள். அந்தப் பால் பட்டால்தான் அரிக்கும்.

கேள்வி: பார்லரில் பெயரே இல்லாத டப்பாவில் ‘மூலிகைச் சிவப்பழகு க்ரீம்’ தந்தார்கள். இரண்டு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. இப்போது கால் வீங்குகிறது, சிறுநீர் நுரைக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்குமா?
— வாசகி, மேட்டூர்

பதில்: இருக்கலாம். க்ரீமை இன்றே நிறுத்துங்கள். நாளைக்கே அரசு மருத்துவமனையில் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பாருங்கள், டப்பாவையும் காட்டுங்கள். இரண்டே வாரத்தில் நிறத்தை மாற்றும் பெயரில்லாத க்ரீம்களில் பாதரசம் இருப்பது பல இடங்களில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், இப்படிப்பட்ட க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்திருப்பதை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். நம் நாட்டு விதிப்படி முகத்தில் பூசும் பொருளில் பாதரசத்தை வேண்டுமென்றே சேர்க்கவே கூடாது. தவறி இருந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. சில க்ரீம்களில் பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டும் கலக்கிறார்கள். அப்படி இருந்தால் நிறுத்தியதும் முகம் சிவந்து எரியும். பயந்துபோய் மறுபடி பூசாதீர்கள், தோல் மருத்துவரிடம் போங்கள். பார்லர்க்காரர் மேல் புகார் கொடுப்பதை உடம்பு தேறியதும் பார்த்துக்கொள்ளலாம். எழுதுங்கள், மனு தயாரிக்க நானே உதவுகிறேன்.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் ஆட்டுப்பால் சோப்புக்கு ஜிபே பண்ணினேன், வரவில்லை. போன மாதம் வேறொருவரிடம் நலங்கு மாவுக்கும் இப்படித்தான் ஆனது. அதற்கு முன் பீட்ரூட் லிப் பாம்.
— வாசகர், ஐந்து ரோடு

பதில்: மூன்றாவது தடவை! முகவரியும் உரிமம் எண்ணும் இல்லாதவருக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். இணைய மோசடிப் புகாருக்கான 1930-க்கு உடனே அழையுங்கள், மூன்றையும் சொல்லுங்கள்.

கேள்வி: ‘அலுமினியம் இல்லாத இயற்கைக் கிரிஸ்டல் டியோடரன்ட்’ 350 ரூபாய். வாங்கலாமா?
— வாசகர், தாரமங்கலம்

பதில்: அந்தக் கிரிஸ்டல் பெரும்பாலும் படிகாரம். படிகாரமே அலுமினிய உப்புதான். நாட்டு மருந்துக் கடையில் சில்லறைக் காசுக்கு ஒரு கட்டி தருவார்கள். நனைத்து அக்குளில் தடவிக்கொள்ளுங்கள், சவரம் செய்த வெட்டுக்கும் ஆகும்.

கேள்வி: ஜிஎஸ்டி குறைந்த பிறகும் எங்கள் தெருக்கடையில் ஷாம்பு, கூந்தல் எண்ணெய்க்குப் பழைய விலையே வாங்குகிறார்கள்.
— வாசகி, கொண்டலாம்பட்டி

பதில்: 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பு, கூந்தல் எண்ணெய், பற்பசை, குளியல் சோப்புக்கு வரி 18-லிருந்து 5 சதவீதம். பில் கேட்டு வாங்குங்கள், வரி எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். தவறாக இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம்.