டி.எஸ்.பாலையாவை வில்லன் என்பதா, காமெடியன் என்பதா?

இரண்டும்தான். நாடக மேடையில் பழகிவிட்டு, 1936-ல் ‘சதி லீலாவதி’ வழியாகத் திரைக்கு வந்தவர். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். அவர் நாயகனாக உயர்ந்தார்; பாலையா பல வருஷம் வில்லனாகவே மிரட்டினார்.

1964-ல் ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியை மறுபடி பாருங்கள். சத்தம், சேட்டையெல்லாம் நாகேஷுடையது. பாலையா உட்கார்ந்த இடத்திலேயே கண்ணை உருட்டி நடுங்குகிறார், அவ்வளவுதான். ஆனால் அந்த முகம் இல்லாவிட்டால் கதை பயமுறுத்தவும் செய்யாது, சிரிப்பும் வராது. எதிராளிக்கு இப்படி ஈடுகொடுப்பது மேடை தந்த பழக்கம் என்பது என் எண்ணம்.

அடுத்த வருஷமே ‘திருவிளையாடல்’ படத்தில் கர்வம் பிடித்த பாடகர் ஹேமநாத பாகவதர் வேடம். பாடும் குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது, அந்தத் திமிர் முழுக்க பாலையாவுடையது. விறகுவெட்டியாக வரும் சிவனின் பாட்டைக் கேட்டதும் அது அப்படியே வடிந்துபோகும், பாருங்கள்!