வந்து சேர்ந்த பூனைக்கு எந்தத் தீனி? நுகர்வோர் கேள்வி–பதில்

மழைக்கு ஒதுங்கிய குட்டியையோ காப்பகத்தில் கேட்டு வாங்கிய பூனையையோ வீட்டில் சேர்த்துக்கொண்டவர்கள் இந்த மாதம் எழுதிய கடிதங்கள் ஒரு கட்டாகச் சேர்ந்துவிட்டதால், மிக்சி, மின்விசிறிக் கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளியிருக்கிறேன். இடம் கருதிக் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: இரண்டு வயதுப் பெண் பூனையைப் பதினைந்து நாள் முன்பு தத்தெடுத்தோம். எடை 4 கிலோ. கடையில் 1.2 கிலோ உலர் தீனிப் பை ₹420, இன்னொன்று 1.5 கிலோ ₹900. இந்த எடைப் பூனைக்கு முதல் பையில் நாளொன்றுக்கு 75 கிராம் என்றும் இரண்டாவதில் 55 கிராம் என்றும் பின்பக்கம் போட்டிருக்கிறது. மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் எங்களால் முடியாது. மலிவானதை வாங்கினால் பூனைக்குத் துரோகம் செய்தவர்கள் ஆவோமா?
— வாசகி, மதுரை

பதில்: ஆகமாட்டீர்கள். பையின் பின்பக்கத்தைப் படித்து அளவை எழுதி அனுப்பியவர் இந்தக் கட்டில் நீங்கள் ஒருவர்தான் என்பதால் கணக்கை முழுவதுமாகப் போட்டுக் காட்டுகிறேன். முதல் பை கிலோ ₹350. 75 கிராமுக்கு ஒரு நாள் செலவு ₹26.25. இரண்டாவது கிலோ ₹600. 55 கிராமுக்கு ₹33. கிலோ விலையில் ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தெரிந்த வித்தியாசம், தட்டில் விழும்போது நாளுக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. மாதத்துக்கு முதலாவது ₹790-க்குள், இரண்டாவது ₹990. இரண்டுமே உங்கள் ஆயிரத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

விலையைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியவை வேறு. ‘முழுமையான, சரிவிகித உணவு’ என்ற பொருளில் ஒரு வரி பையில் இருக்க வேண்டும். வளர்ந்த பூனைக்கு உரியது என்றும் போட்டிருக்க வேண்டும். பல பைகளில் ஆஃப்கோ (AAFCO) என்று ஒரு பெயரைக் காண்பீர்கள். அந்த அமெரிக்க அமைப்பின் அளவுகோலில், ஈரத்தை நீக்கிக் கணக்கிட்டால், வளர்ந்த பூனைக்குக் குறைந்தது 26 சதவீதமும், குட்டிக்கும் சினைப் பூனைக்கும் 30 சதவீதமும் புரதம் வேண்டும். சேர்மானப் பட்டியலில் கோழி, மீன் போன்ற மாமிசம் முன்னால் வர வேண்டும். மாமிசத்தில் இருக்கும் டாரின் (taurine) என்ற சத்தின் பெயரும் கண்ணில் பட வேண்டும். டாரின் குறைந்தால் பூனைக்குக் கண் பார்வை கெடும், இதயம் வீங்கித் தளரும். கடையில் விற்ற தீனியையே தின்று வந்த பூனைகளுக்கு இதனால்தான் இதய நோய் வந்தது என்று 1987-இல் அமெரிக்காவில் கண்டறிந்த பிறகே தயாரிப்பாளர்கள் அதன் அளவைக் கூட்டினார்கள். இவையெல்லாம் இரண்டு பைகளிலும் இருக்குமானால் முதலாவதையே வாங்கி, மிஞ்சும் இருநூறு ரூபாயைக் குடற்புழு மருந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழைய தீனியில் புதியதை நாளுக்கு நாள் கூட்டி, ஒரு வாரம் பத்து நாளில் மாற்ற வேண்டும். ஒரே நாளில் மாற்றினால் வயிறு கெட்டு, தவறு தீனியின் மேல் விழும்.

கேள்வி: நாங்கள் சைவம். பூனையையும் தயிர் சாதத்தில் பழக்க முடியுமா?
— மயிலாப்பூர்

பதில்: முடியாது. முயல் வளருங்கள்.

கேள்வி: நாய்க்கு வாங்கும் தீனியையே பூனைக்கும் போட்டால் செலவு மிச்சமாகுமே?
— திருச்சி

பதில்: நாய்த் தீனியில் புரதம் குறைவு; டாரின் சேர்க்க வேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை. ஒரு நாள் திருடித் தின்றால் பரவாயில்லை, மாதக்கணக்கில் போடாதீர்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் பூனைத் தீனியை லூஸில் பொட்டலம் கட்டி, கிலோ ₹160-க்குக் கொடுக்கிறார்கள். நல்ல கம்பெனிப் பொருள்தான், மூட்டையாக எடுப்பதால் மலிவு என்றார் கடைக்காரர். ஐந்து கிலோ வாங்கினேன். மூன்றாம் நாளிலிருந்து பூனைக்கு வாந்தியும் பேதியும். உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் செய்யலாமா?
— பாளையங்கோட்டை

பதில்: பூனையை முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், மீதித் தீனியை எடுத்து ஒதுக்கி வையுங்கள், அதன் பிறகு நான் சொல்லப்போவதைப் பொறுமையாகக் கேளுங்கள், ஏனென்றால் இந்தப் பகுதியில் நான் பலமுறை கத்திவிட்ட விஷயம் இது.

நிறமில்லாத பிளாஸ்டிக் உறையில் கட்டி, வாயை மெழுகுவத்தியில் ஒட்டி, கடை வாசலில் சரமாகத் தொங்கவிட்டிருக்கும் அந்தப் பொட்டலத்தில் என்ன எழுதியிருந்தது? ஒன்றுமே எழுதியிருக்காது. யார் தயாரித்தார்கள், எந்த மாதம், எப்போது காலாவதி, எந்தத் தொகுப்பு எண், குட்டிக்கா வளர்ந்ததற்கா, புரதம் எத்தனை சதவீதம் என்ற எதுவும் இல்லாத ஒரு பொருளை, கடைக்காரரின் வாய்ச்சொல்லை மட்டுமே நம்பி, அதுவும் ஐந்து கிலோ வாங்கியிருக்கிறீர்கள். வீட்டுக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கினால் தேதியைத் திருப்பிப் பார்க்கும் கை, பூனைக்கு வாங்கும்போது ஏன் மடங்கிப் போகிறது? உலர் தீனியின் மேல் கொழுப்பைத் தெளித்திருப்பார்கள். பூனையை இழுக்கும் மணமே அதுதான். மூட்டையைப் பிரித்துக் காற்றிலும் வெயிலிலும் வைத்த நாள் முதல் அந்தக் கொழுப்பு சிக்கு பிடிக்கத் தொடங்கும், மழைக்காலமானால் ஈரம் ஏறிப் பூஞ்சையும் சேரும். மூட்டையிலிருந்து எடுத்தது நல்ல கம்பெனிப் பொருளாகவே இருந்தாலும், உங்கள் கைக்கு வரும்போது அது அந்தக் கம்பெனியின் பொருள் இல்லை; தகராறு வந்தால் அவர்கள் பொறுப்பேற்கவும் மாட்டார்கள்.

இனி புகார். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘உணவு’ என்ற சொல்லுக்குள் விலங்குத் தீவனம் அடங்காது. ஆகவே அந்த அலுவலரிடம் போவதால் பயன் இல்லை. ஆனால் கடைக்காரர் முன்கூட்டியே எடை போட்டு உறையில் கட்டி வைத்து விற்றால், 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, கட்டியவர் பெயர், முகவரி, நிகர எடை, மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை ஆகியவற்றை அதன் மேல் அச்சிட்டே ஆக வேண்டும். நம் மாநிலத்தில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. உங்கள் மாவட்டத்தின் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்குப் பொட்டலத்தின் படத்தோடு எழுதுங்கள். ரசீது வாங்கினீர்களா என்று நான் கேட்கப் போவதில்லை. பதில் எனக்குத் தெரியும்.

கேள்வி: இணையத்தில் 3 கிலோ பை வாங்கினேன். காலாவதித் தேதியின் மேல் சிறிய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தால், அடியில் இருந்த தேதி நான்கு மாதம் முன்பே முடிந்திருக்கிறது. பையைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது என்கிறார் விற்பனையாளர். ஓய்வூதியத்தில் வாழ்பவன் நான். ₹1,350 எனக்குச் சிறிய தொகை இல்லை.
— கோயம்புத்தூர்

பதில்: ஐயா, உங்கள் மீது ஒரு தவறும் இல்லை. பையைப் பிரிக்காமல் யாரும் தீனி போட முடியாது. ஸ்டிக்கர் ஒட்டியவர்தான் பதில் சொல்ல வேண்டும். சட்டப்படி அச்சிட்ட விவரத்தை மாற்றத் தனி ஸ்டிக்கர் ஒட்டவே கூடாது. விலையைக் குறைப்பதற்கு மட்டும் ஒட்டலாம். அப்போதும் பழைய விலையை மறைக்கக் கூடாது.

பாதி சுரண்டிய ஸ்டிக்கரை அப்படியே விட்டுப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். தொகுப்பு எண், விலைப்பட்டியல், விற்பனையாளரின் மறுப்பு ஆகியவற்றையும் சேர்த்து, அந்த இணைய அங்காடியின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை, இரண்டு ஆண்டு வரை நேரம் இருக்கிறது. பதில் கடிதம் வந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

கேள்வி: இங்கே மத்தி மலிவு. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுப் பூனைகள் மீன் தலையைத் தின்றே வளர்ந்தன. பை எதற்கு?
— நாகர்கோவில்

பதில்: அந்தப் பூனைகள் எலியும் ஓணானும் சேர்த்துத் தின்றன, அவை எத்தனை வயதில் செத்தன என்று நம்மில் யாரும் கணக்கு வைக்கவில்லை. மத்தி நல்ல மீன்தான்; தடை சொல்லவில்லை. ஆனால் பச்சையாகப் போடாதீர்கள்: பலவகை மீன்களில் பி1 உயிர்ச்சத்தை அழிக்கும் நொதி ஒன்று உண்டு, வேக வைத்தால் அது போய்விடும். உப்பு, மிளகாய் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை என்பதால், குழம்பில் கிடந்த துண்டைக் கழுவிப் போடுவதும் தவறு. முள்ளை நீக்கி, வேக வைத்த நீரோடு கொடுங்கள், டாரின் அந்த நீரில்தான் இறங்கியிருக்கும். இத்தனையும் செய்தாலும் மீன் மட்டும் முழு உணவு ஆகாது. வாரத்தில் இரண்டு நாள் மீன், மற்ற நாட்களில் உலர் தீனி என்பது உங்கள் ஊருக்கு ஏற்ற சிக்கனம். கறிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் கோழி ஈரலுக்கும் இதே எச்சரிக்கை: தினமும் கொடுத்தால் ஏ உயிர்ச்சத்து மிதமிஞ்சி முதுகெலும்பு இறுகிவிடும்.

கேள்வி: குழாய் போன்ற சிறு உறையில் வரும் கிரீம் மட்டும்தான் எங்கள் பூனை நக்குகிறது. ஒரே மாதத்தில் ₹2,400 ஆகிவிட்டது. பட்டினி போட்டால் வழிக்கு வருமா?
— வேலூர்

பதில்: அது தின்பண்டம். உறையின் பின்னால் அப்படித்தான் எழுதியிருக்கும், நீங்கள் படிக்கவில்லை. மூன்று வேளையும் கடலை மிட்டாய் கொடுத்துவிட்டு, பிள்ளை சோறு தின்ன மறுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டினி மட்டும் போடாதீர்கள். இரண்டு மூன்று நாள் உண்ணாத பூனைக்கு, முக்கியமாக உடல் பருத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். உலர் தீனியின் மேல் அந்தக் கிரீமைக் கொஞ்சம் தடவி, நாளுக்கு நாள் குறைத்து வாருங்கள்.

கேள்வி: காயடித்த ஆண் பூனை. நேற்றிலிருந்து மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறது, சிறுநீர் வரவில்லை. கடைக்காரர் சிறுநீர்ப் பிரச்சினைக்கென்று தனித் தீனி கொடுத்தார். எத்தனை நாளில் குணமாகும்?
— சென்னை

பதில்: இவருக்குக் கடிதம் கண்ட அன்றே பதில் அனுப்பிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே தருகிறேன். ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போகும். அது தீனியால் தீராது. வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எது பக்கமோ அங்கே உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அந்தத் தனித் தீனியை மருத்துவர் சொன்ன பிறகே வாங்க வேண்டும், கடைக்காரர் சொல்லி வாங்கக் கூடாது.

கேள்வி: ஈரத் தீனி 85 கிராம் பவுச் ₹45. புரதம் 9 சதவீதம்தான். உலர் தீனியிலோ 30 சதவீதம். இது பகல் கொள்ளை இல்லையா?
— கரூர்

பதில்: புரதக் கணக்கில் கொள்ளை இல்லை. பவுச்சில் நூறு கிராமுக்கு எண்பது கிராம் தண்ணீர். மீதி இருபதில் ஒன்பது புரதம் என்றால் 45 சதவீதம் ஆகிறது. உலர் தீனியில் ஈரம் பத்துதான். தொண்ணூறில் முப்பது என்றால் 33. பவுச் மட்டுமே கொடுப்பதானால் நாளுக்குக் குறைந்தது மூன்று வேண்டும், ₹135 ஆகும். அது உங்களுக்கும் எனக்கும் கட்டுப்படியாகாது. தண்ணீர் அதிகம் குடிக்காத பூனைக்கு, நாளொன்றுக்கு அரை பவுச்சைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்துக் கொடுத்து, மற்ற வேளைக்கு உலர் தீனி வையுங்கள். பிரித்த மீதியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாளே முடித்துவிட வேண்டும்.

கேள்வி: பெரிய பையாக வாங்கினால் மலிவு. எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?
— கும்பகோணம்

பதில்: என் வாயைக் கிளறுகிறீர்கள். எங்கள் வீட்டுக்குப் பூனை வந்த புதிதில், ‘இன்று ஒரு நாள் மட்டும்’ என்ற தள்ளுபடியைக் கண்டு 7 கிலோ பை ஒன்றை வாங்கினேன். நாளுக்கு 60 கிராம் தின்னும் ஒரே பூனைக்கு அது நான்கு மாதத் தீனி என்பதை வகுத்துப் பார்க்க எனக்கு அப்போது தோன்றவில்லை. ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்கிறவள் நான். பளபளவென்ற டப்பாவில் கொட்டி வைத்தேன். பழைய கொழுப்பு ஒட்டிய டப்பா அது. ஐப்பசி மழை தொடங்கியதும் ஒரு காலை பூனை தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, தன் கழிவை மூடுவதுபோல முன்னங்காலால் தரையைச் சுரண்டித் தட்டையே மூடப் பார்த்தது. எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து டப்பாவுக்குள் மூக்கை வைத்தபோதுதான் பழைய எண்ணெய்ச் சிக்கு வீசியது. ஏறக்குறைய மூன்று கிலோ குப்பைக்குப் போயிற்று.

ஒரு மாதம், மிஞ்சினால் ஆறு வாரத்தில் முடியும் பையாக வாங்குங்கள். டப்பாவில் கொட்டாமல், பையோடு மடித்துக் கிளிப் போட்டு டப்பாவுக்குள் வையுங்கள்; தொகுப்பு எண்ணும் தேதியும் பையில்தானே இருக்கின்றன. பிரித்த நாளைப் பேனாவால் அதன் மேல் எழுதுங்கள். எறும்புக்குத் தட்டைத் தண்ணீர்ச் சட்டியின் நடுவில் வைத்தால் போதும், சாக்பீஸ் மருந்து பூனை நக்கும் இடத்தில் வேண்டாம்.