மோவாயில் தையல் போட்டாயிற்று; பற்கள் ஏன் சேரவில்லை?

கேள்வி: நின்றபடி ஓட்டும் வாடகை மின்சார ஸ்கூட்டரில் வேலைக்குப் போகும்போது முன்சக்கரம் சாலைக் குழியில் இறங்கி, குப்புற விழுந்துவிட்டேன். மோவாயில் தையல் போட்டு, எக்ஸ்ரே எடுத்து, எலும்புக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். நான்கு நாளாகியும் வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. பற்களும் பழையபடி சேரவில்லை. வீக்கம் வற்றினால் சரியாகிவிடுமா? ஹெல்மெட் போட்டிருந்தும் முகத்தில் எப்படி அடிபட்டது?

பதில்: வீக்கம் வற்றட்டும் என்று காத்திருக்காதீர்கள். இன்றோ நாளையோ வாய், முகத்தாடை அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்டிவிடுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது பற்கள் சேரவில்லை என்ற வரிதான். முகத்தில் அடிபட்டு வருபவரிடம் ஸ்கேனுக்கு முன்பே நாங்கள் கேட்பது இதைத்தான். தாடை எலும்பு சற்றே நகர்ந்திருந்தாலும் பற்கள் காட்டிக்கொடுத்துவிடும்.

மோவாயில் வாங்கிய அடி அங்கேயே நின்றுவிடுவதில்லை. கீழ்த்தாடை குதிரை லாட வடிவ எலும்பு. அதன் இரு முனைகளும் காதுக்கு முன்னால் மூட்டில் உட்கார்ந்திருக்கின்றன. முனைக்குச் சற்றுக் கீழே எலும்பு மெலிந்திருக்கும். நடுவில் விழுந்த அடி மேலேறி, பெரும்பாலும் அந்த மெலிந்த இடத்தைத்தான் உடைக்கும். வெளியே தெரிவது மோவாய்க் காயம் மட்டும். தையல் போட்டதும் எல்லோர் கவனமும் அதோடு முடிந்துவிடுகிறது. மூட்டருகே உள்ள முறிவு சாதாரண எக்ஸ்ரேயில் மற்ற எலும்புகளின் நிழலில் மறைந்துபோவதும் உண்டு. ஆகவே இரு பக்க மூட்டும் தெரிகிற ஓபிஜி என்ற முழுத்தாடை எக்ஸ்ரேயோ சிடி ஸ்கேனோ வேண்டும் என்று கேளுங்கள்.

போவதற்குள் கண்ணாடி முன் நின்று மெதுவாக வாயைத் திறந்து பாருங்கள். தாடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனால், அந்தப் பக்க மூட்டில்தான் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். பின்பற்கள் முட்டிக்கொண்டு முன்பற்கள் இடைவெளி விட்டு நின்றால் இரு பக்கமும் முறிந்திருக்கலாம். காதில் ரத்தம் வந்ததா, கீழுதடு மரத்திருக்கிறதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மூட்டுக்குள் நீரோ ரத்தமோ கட்டிக்கொண்டாலும் பற்கள் இப்படி விலகி நிற்கும். அப்படியானால் அது தானாகவே வடிந்துவிடும். ஆனால் எது என்பதைப் படம் பார்க்காமல் சொல்வது சரியல்ல.

முறிவு என்றாலே கத்தி என்று பயப்பட வேண்டாம். நகராத முறிவுக்கு மென்மையான உணவும், தேவையானால் பற்களில் ரப்பர் வளையமும், பிறகு வாய் திறக்கும் பயிற்சியுமே போதும். எலும்பு நன்றாக விலகியிருந்தால்தான் தகடு வைப்பது பற்றிப் பேச்சு. பயிற்சியைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். அசையாத மூட்டு இறுகிப்போகும்.

இனி ஹெல்மெட். உங்கள் மண்டையை அது காப்பாற்றியிருக்கும். அதனால்தான் இப்போது தாடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். சைக்கிள் பாணி ஹெல்மெட்டுக்குக் கீழே மூக்கு, பற்கள், மோவாய் எல்லாம் திறந்தே கிடக்கின்றன. ஸ்கூட்டரின் சக்கரமோ மிகச் சிறியது. சைக்கிள் ஏறி இறங்கிவிடுகிற குழியில் இது சிக்கி நின்றுவிடும். நின்றபடி ஓட்டுபவரின் உடல் எடை முழுக்க மேலே இருப்பதால் கைப்பிடியைத் தாண்டி முன்னால் போய் விழுகிறார். மணிக்கு 20 கி.மீ. என்பது நொடிக்கு ஐந்தரை மீட்டர். கைப்பிடியை விட்டுக் கையூன்ற நேரமிருக்காது. தினமும் ஓட்டுபவர் மோவாயை மூடும் முழுமுக ஹெல்மெட் வாங்குவதே நல்லது என்பேன். கனமாக இருக்கிறது என்பார்கள், இருக்கட்டும். குடித்துவிட்டு ஏறுவதும், ஒரே பலகையில் இருவர் நிற்பதும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உங்களுக்கு நேராவிட்டாலும் ஸ்கூட்டர் ஓட்டும் மற்றவர்களுக்காக ஒன்று. நிரந்தரப் பல் முழுதாகக் கழன்று விழுந்தால் வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து எடுங்கள். அழுக்கிருந்தால் பாலிலோ உமிழ்நீரிலோ லேசாக அலசுங்கள், தேய்க்கக் கூடாது. பிறகு பல் இருந்த குழியிலேயே பொருத்தி, துணியைக் கடித்துக்கொண்டு பல் மருத்துவரிடம் ஓடுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். தண்ணீரில் ஊறவைத்தால் வேரின் செல்கள் செத்துவிடும். அரை மணிக்குள் பொருத்தினால் பிழைக்க நல்ல வாய்ப்பு. குழந்தைகளின் பால் பல்லைத் திரும்பப் பொருத்தக் கூடாது. உடைந்த பல் துண்டு காணாமல் போயிருந்தால் கிழிந்த உதட்டுக்குள் தேடச் சொல்லுங்கள். அங்கே புதைந்திருந்து தையலுக்குள் அடைபட்டுப் போவதுண்டு.

மூக்கில் அடிபட்டு இரு துளையும் அடைத்து, உள்ளே நடுச்சுவர் மெத்தென்று வீங்கியிருந்தால் அன்றே ரத்தக்கட்டை வடிக்க வேண்டும். தாமதித்தால் குருத்தெலும்பு அழுகி மூக்கு உட்கார்ந்துவிடும். அடிக்குப் பின் இரட்டைப் பார்வையோ, மூக்கில் தெளிந்த நீர் ஒழுகுவதோ இருந்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள், மூக்கைச் சிந்தாதீர்கள்.

நீங்கள் போகும்போது பழைய எக்ஸ்ரேயையும், விபத்துக்கு முன் பற்கள் தெரியச் சிரித்த புகைப்படம் ஒன்றையும் கொண்டுபோங்கள். அதுவரை கஞ்சி, கூழ், மசித்த உணவு. டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று நினைவில்லாவிட்டால் அதையும் கேட்டு முடித்துவிடுங்கள். முறிவு உறுதியானால் மருத்துவர் சரி சொல்லும்வரை, குறைந்தது ஆறு வாரம், ஸ்கூட்டர் பக்கமே போகாதீர்கள்.