குறை சொல்லாத குடித்தனக்காரர்

கேள்வி: கும்பகோணத்தில் என் மாமனார் காலத்து ஓட்டு வீட்டை மூன்று போர்ஷனாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருக்கிறேன். வாடகை வீடுகளுக்கு மாநகராட்சி உரிமம் வழங்க வேண்டும், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று எங்கள் குடியிருப்போர் சங்கம் மனு எழுதிக் கையெழுத்துக் கேட்கிறது. ‘சோதனைக்கு வருபவன் கை நீட்டத்தான் வருவான், போடாதே’ என்கிறான் மகன். கொல்லைப்புறப் போர்ஷனில் இருப்பவர்கள் ஏழு வருடமாக ஒரு குறையும் சொன்னதில்லை. நான் என்ன செய்யட்டும்?

பதில்: உங்கள் கடிதத்தில் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் அம்மா. கொல்லைப்புறத்துக்காரர்கள் குறை சொன்னதில்லை. குறை இல்லாததாலா, வாய் திறந்தால் ‘பிடிக்காவிட்டால் காலி செய்யுங்கள்’ என்று பதில் வரும் என்ற பயத்தாலா? நீங்கள் அப்படிச் சொல்பவர் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அது அவர்களுக்கு எப்படித் தெரியும்? காலி செய்தால் புது வீட்டுக்கு அட்வான்ஸ் புரட்ட வேண்டும், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் தூரமாகிவிடும். ஐப்பசி மழையில் நனைந்த சுவர் தொட்டால் சுர்ரென்று இழுத்தாலும், கட்டிலைச் சற்றுத் தள்ளிப் போட்டுச் சமாளித்துக்கொள்வார்கள்.

இதற்குச் சட்டமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யச் சொல்கிறது. வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை கட்டடப் பழுதும் மின் வயரிங்கும் வீட்டுக்காரர் பொறுப்பு, குழாய் வாஷர் போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு என்று பட்டியலே போட்டிருக்கிறது. ஆனால் யாராவது போய் முறையிட்டால்தான் அது கண் விழிக்கும். உங்கள் கொல்லைப்புறத்துக்காரர் முறையிடப்போவதில்லை. அவர் வாய் திறக்காமலேயே ஒருவர் வந்து பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் காலமுறைச் சோதனை வேண்டும் என்கிறேன். மகளிர் விடுதிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் கட்டாயம். அதே தெருவில் மூன்று குடும்பம் ஒண்டியிருக்கும் வீட்டை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

உங்கள் மகன் சொல்வதைத் தள்ளிவிடவும் முடியாது. உங்கள் ஊரில் 2004 ஜூலை 16 அன்று பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். பள்ளிகளுக்கு அங்கீகாரமும் ஆய்வும் அதற்கு முன்பே சட்டத்தில் இருந்தவைதாம். கூரை கீற்றாக இருந்தது யார் கண்ணுக்கும் தெரியாத ரகசியமும் அல்ல. தாள் எவரையும் காப்பாற்றாது. அதனால் ஆய்வே வேண்டாம் என்று சொல்ல உங்கள் ஊரில் ஒருவருக்கும் மனம் வராது என்றும் நினைக்கிறேன்.

கை நீட்டுவதற்கு இடம் கொடுப்பது நீளமான படிவம். நாற்பது கேள்வி இருந்தால் ஏதாவது ஒன்றில் எவரும் மாட்டிக்கொள்வார். ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று ரயில் பெட்டியாக நீளும் நம் பழைய வீடுகளைத் தடுக்கும்போது முதலில் அடைபடுவது வழி. முன்கட்டில் சிலிண்டர் பற்றிக்கொண்டால் பின்கட்டில் இருப்பவர் எங்கே ஓடுவார்? ஆகவே வெளியேறும் வழி, மின்கசிவு, உத்திரமும் ஓடும், கழிவறை ஆகிய நான்கை மட்டும் பார்க்கட்டும். முடிவை வாசலில் ஒட்டட்டும். குடியிருப்பவர் என்ன சாதி, என்ன சமைக்கிறார் என்று கேட்கும் படிவமாக அது மாறினால் நானே எதிர்த்து எழுதுவேன். முன்னறிவிப்பு இல்லாமல் உள்ளே நுழையவும் கூடாது. வீடு உங்களுடையது, குடித்தனம் அவர்களுடையது. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வாடகைதாரர் சோதனைக்கு வந்தவரை உள்ளே விட மறுத்த வழக்கில், சம்மதம் இல்லையென்றால் நீதிமன்ற ஆணையோடு வா என்று 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொன்னது.

செலவு வாடகையில் ஏறாதா என்றால், கொஞ்சம் ஏறும். மின்கசிவுத் தடுப்பான் பொருத்தும் செலவை வாடகைதாரர் தலையில் முழுவதும் கட்டுபவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு. ‘வீடு தகுதியற்றது’ என்று நோட்டீஸ் ஒட்டியதும் தெருவுக்கு வருவது வீட்டுக்காரர் அல்ல, குடியிருப்பவர். இங்கிலாந்தின் வீட்டுவசதிச் சட்டங்களில், உரிமம் கட்டாயமான வீட்டை அது இல்லாமல் விட்டவர் வாங்கிய வாடகையைத் திருப்பித் தரும்படி உத்தரவிட வழி இருக்கிறது. தண்டனை விழ வேண்டிய இடத்தில் விழுகிறது.

மழைக்கு முன் எலக்ட்ரீஷியனை அழைத்துக் கொல்லைப்புறத்தைப் பாருங்கள். அதற்கு எந்த மனுவும் தேவையில்லை. 2028 மகாமகத்துக்கு அந்த வீட்டில் இன்னும் எத்தனை பேர் பாய் விரிப்பார்களோ! சங்கத்தின் மனுவில், பழுது பார்க்கும் காலத்தில் குடியிருப்பவரைக் காலி செய்யவோ வாடகையை உயர்த்தவோ கூடாது என்ற வரி இருக்கிறதா என்று படியுங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்த்தால் கையெழுத்துப் போடுங்கள், மறுத்தால் வேண்டாம்.