பிரேக் பிடித்தால் உதறும் மின்சாரக் கார்: கேள்வி பதில்

கேள்வி: 80 கி.மீ. வேகத்துக்கு மேல் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது. முன்பக்க டிஸ்க் இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: அளந்து பார்க்காமல் மாற்ற வேண்டாம். மின்சாரக் காரின் வேகத்தைக் குறைப்பவை இரண்டு: சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பேட் என்ற உராய்வுக் கட்டை கவ்வும் வழக்கமான பிரேக், மோட்டாரே ஜெனரேட்டராக மாறிச் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும் ரீஜென். உதறல் இவற்றுள் எதனோடு வருகிறது என்று பிரித்தறிவதே முதல் வேலை. வேறு வண்டிகள் வராத, சமதளமான, நேரான சாலையில் ரீஜெனை அதிகபட்சத்தில் வைத்து, பிரேக் மிதியைத் தொடாமல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து மட்டும் காலை எடுத்துப் பாருங்கள். அடுத்து, அதே வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றி மிதியை அழுத்துங்கள். நியூட்ரலில் ரீஜென் இராது என்பதால் முழு வேலையும் டிஸ்க்குக்குப் போகும். இறக்கத்தில் இந்தச் சோதனையை ஒருபோதும் செய்யாதீர்கள். ரீஜெனில் மட்டும் உதறினால் ட்ரைவ் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) மூட்டையும் மோட்டார் மவுண்டையும் (மோட்டாரைத் தாங்கும் ரப்பர்) லோயர் ஆர்ம் புஷ்ஷையும் (சக்கரத்தைத் தாங்கும் கையின் ரப்பர்) பார்க்க வேண்டும்; மிதியை அழுத்தினால் மட்டும் உதறினால் பிரேக்கைப் பார்க்க வேண்டும். அதிர்வு ஸ்டீயரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன்சக்கரம், இருக்கையில் தெரிந்தால் பெரும்பாலும் பின்சக்கரம்.

பிரேக் என்று உறுதியானபின், டிஸ்க்கை ஹப்பில் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) இறுக்கிய நிலையிலேயே டயல் கேஜ் (நுண்ணிய அசைவைக் காட்டும் கருவி) வைத்துச் சுற்றிப் பக்கவாட்டு ஆட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். 0.05 மி.மீ.க்கு மேல் போனால் பல கார்களில் அது தொல்லைதான். பிறகு மைக்ரோமீட்டரால் விளிம்பையொட்டி எட்டு இடங்களில் தடிமனைப் பாருங்கள், 0.02 மி.மீ. வேறுபாடுகூட உதறலாக உணரப்படும். உங்கள் காரின் பணிமனைக் கையேடு தரும் அளவே இறுதியானது.

கேள்வி: முழுதாகச் சார்ஜ் செய்து கிளம்பும்போது மட்டும் உதறுகிறது, பிறகு சரியாகிவிடுகிறது. பேட்டரியில் கோளாறா?

பதில்: பேட்டரியில் கோளாறு இல்லை. நிறைந்த பேட்டரிக்கு மேலும் மின்சாரத்தை ஏற்க இடமில்லாததால் கார் ரீஜெனைக் குறைத்துவிடுகிறது. அந்த நேரத்தில் டிஸ்க் பிரேக்தான் வண்டியை நிறுத்துகிறது. கடுங்குளிரிலும் இப்படி நடக்கும். டிஸ்க்கில் உள்ள குறை எப்போதும் இருக்கிறது. மற்ற நேரங்களில் ரீஜென் அதை மறைத்துவிடுகிறது. ரீஜென் உள்ள கார்களில் இது அதிகம் வரும் சிக்கல். பேட் அடிக்கடி உரசாததால் டிஸ்க்கின் மேல் படியும் துரு தேய்ந்து போவதில்லை. ஈரத்தோடு நாள்கணக்கில் நிறுத்திவைத்தால் பேட் இருந்த இடம் தனித் தடமாகவே தெரியும். மேலோட்டமான துருவானால், பின்னால் வண்டி வராத இடத்தில் சில முறை அழுத்தமாகப் பிரேக் பிடித்தாலே போய்விடும். குழிவிழுந்த துரு அப்படிப் போகாது.

கேள்வி: ஈரச் சாலையில் திடீரென்று மிதித்தால் மட்டும் மிதி கடகடவென்று அதிர்கிறது.

பதில்: சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் தன் வேலையைச் செய்கிறது, காலை எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள்.

கேள்வி: பிரேக் தொடாமலே 100 கி.மீ. வேகத்தில் உதறுகிறது.

பதில்: டயர்க் கடையில் வீல் பேலன்சிங் பாருங்கள்.

கேள்வி: ஐயா, சூட்டில் டிஸ்க் வளைந்துவிட்டது என்று அனுபவமுள்ள மெக்கானிக் சொல்கிறார். நீங்கள் தடிமன், துரு என்கிறீர்களே?

பதில்: அவருடைய அனுபவத்தை மதிக்கிறேன், காரணத்தை ஏற்க முடியவில்லை. வார்ப்பிரும்பு டிஸ்க் அன்றாடப் பிரேக் சூட்டில் நிலையாக வளைந்துபோவது மிக அரிது. ஹப் முகத்தில் துருவோ மண்ணோ ஒட்டியிருக்க, அதன்மேல் டிஸ்க்கை மாட்டினால் அது மயிரிழை சாய்ந்து சுழலும். பிரேக் பிடிக்காதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேட்டை உரசும். அந்த இடம் தேயும், அல்லது பேட்டின் பொருள் அங்கே படியும். தடிமன் மாறிய இடம் வரும்போதெல்லாம் பேட் தள்ளப்படுகிறது. சுமார் 2 மீட்டர் சுற்றளவுள்ள டயர் 100 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 14 முறை சுற்றும். அத்தனை முறையும் அந்தத் தள்ளல் ஸ்டீயரிங்குக்கு வருகிறது. வேகம் குறையக் குறைய அதிர்வின் இடைவெளியும் நீள்வதை நீங்களே உணரலாம்.

கேள்வி: கடைசல் போட்டதும் என் வண்டியில் உதறல் நின்றுவிட்டது. வளைந்திருந்ததால்தானே?

பதில்: கடைசல் வளைவு, தடிமன் வேறுபாடு ஆகிய இரண்டு குறையையும் நீக்கும், ஆகவே அது வளைவுக்குச் சான்றாகாது. ஹப்பைத் துடைக்காமல் மாட்டியிருந்தால் உதறல் திரும்ப வரும். டிஸ்க்கில் பொறித்துள்ள குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே கடைந்திருந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: அந்த மெக்கானிக், நீங்கள் இருவர் சொல்வதும் தவறு. தரமற்ற டிஸ்க்தான் காரணம். நான் புதிது மாட்டிச் சில ஆயிரம் கி.மீ. ஓடியதும் மறுபடி உதறியது.

பதில்: நான் மேலே விளக்கியது நடந்திருப்பதற்கே உங்கள் அனுபவம் பொருந்துகிறது. டிஸ்க் பிறவிக் குறையோடு வந்திருந்தால் பெரும்பாலும் தொடக்கத்திலேயே உதறியிருக்கும். தேய்ந்து தடிமன் மாறத்தான் இவ்வளவு ஓட்டம் தேவைப்படுகிறது. ஹப்பைக் கம்பிப் பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்த்து, பேட்டை அழுத்தும் காலிப்பரின் ஸ்லைடு பின் (அது நகர உதவும் கம்பி) விரலால் தள்ளினால் நகர்கிறதா என்று பார்த்து, வீல் நட்டுகளை ஏர் கன்னால் முடுக்காமல் டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பானர்) எதிரெதிராக இறுக்கச் சொல்லுங்கள். தரம் பற்றிய விவாதத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: புதிய டிஸ்க்கையும் பேட்டையும் எப்படிப் பழக்குவது?

பதில்: ரீஜெனைக் குறைந்தபட்சத்தில் வையுங்கள்; இல்லாவிட்டால் பேட் உரசவே உரசாது. 60 கி.மீ.யிலிருந்து 10 கி.மீ. வரை நிதானமாகப் பல முறை குறையுங்கள், இடையே ஆற விடுங்கள். சூடான பிரேக்கோடு நின்று மிதியை அழுத்திப் பிடித்திருந்தால் பேட்டின் அச்சு டிஸ்க்கில் பதிந்துவிடும்.

கேள்வி: முன்பக்க டிஸ்க்கை மாற்றினால் போதுமா?

பதில்: அளந்தீர்களா? முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பின்பக்கப் பேட்டை வீட்டிலேயே மாற்றலாமா?

பதில்: மின்சாரப் பார்க்கிங் பிரேக் இருந்தால் முதலில் அதைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோக வேண்டும், பிஸ்டனை வலிந்து தள்ளினால் பார்க்கிங் பிரேக்கின் மோட்டார் உடையலாம். ஜாக்கை அதற்கென்று குறித்த இடத்தில் மட்டுமே வையுங்கள், தரைக்கடியில் முழுவதும் பேட்டரி. ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொடாதீர்கள். இந்த மூன்றில் ஒன்று புரியவில்லை என்றாலும் வேலையைப் பணிமனைக்கு விட்டுவிடுங்கள்.

கேள்வி: டிஸ்க் நீலம் பூத்திருக்கிறது. கடைந்தால் போதுமா?

பதில்: போதாது. மிகையான சூட்டில் இரும்பின் உள்ளே கடினமான புள்ளிகள் உருவாகியிருக்கலாம். கடைந்தாலும் அவை மறுபடி மேடாகும். இந்த ஒரு நிலையில் அளக்கக் காத்திராமல் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள், அந்தக் காலிப்பர் நகராமல் இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.